கை தூக்க வெட்கப்பட்டேன்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் குழுப் பொருளாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாசம் நம்ம தலைவி, "உடம்பு நலத்தைப் பற்றி அடுத்த கூட்டத்துல யாராவது பேசணும்" என்று சொன்னாங்க. நான் அக்குள் வியர்வையைப் பற்றிப் பேசுறேன் என்றதும் சில பேர் சிரிச்சீங்க. பரவாயில்லை. இதை வெளியே சொல்ல எனக்கே இருபது வருஷம் ஆச்சு.

வயசுக்கு வந்த காலத்திலேயே எனக்கு இது ஆரம்பிச்சது. வெயில் இருக்காது, வேலையும் இருக்காது. நாலு பேர் முன்னால் நின்றாலே இரண்டு பக்கமும் ஜாக்கெட் நனைஞ்சு இடுப்பு வரைக்கும் ஈரம் இறங்கும். எங்க அம்மாவுக்கும் அப்படித்தான். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க மாட்டேன். ஒரு தடவை பிரேக் போட்டப்போ விழுந்து முழங்கையில் அடி.

எங்க குழு ஆரம்பிச்ச அன்னைக்கு, "கணக்கு எழுத யார் வர்றீங்க, கை தூக்குங்க" என்று கேட்டாங்க. பத்தாவது வரை படிச்சவ நான் ஒருத்திதான். ஆனா அன்னைக்கு ஜாக்கெட் நனைஞ்சிருந்தது. கையைத் தூக்கலை. ஆறு வருஷம் வெளி ஆளுக்குக் காசு கொடுத்துத்தான் நோட்டு எழுதினோம். என்னைத் தலைக்கனம் பிடிச்சவ என்றுகூடப் பேசினாங்க.

சர்க்கரை பார்க்க வந்த நர்சம்மாகிட்டதான் முதல்ல சொன்னேன். "இது ஒரு குறைபாடு. பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரைப் பாரு" என்று சொன்னாங்க. அங்கே தெரிஞ்சுக்கிட்டதைத்தான் உங்களுக்குச் சொல்றேன்.

வியர்வை எதற்கு?

நம்ம உடம்பில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கு. உடம்பு சூடேறினா அதைத் தணிக்க வியர்க்கணும். சிலருக்கு மட்டும் சுரப்பியைத் தூண்டுகிற நரம்பு தேவைக்கு மேல் வேலை செய்யுது. அக்குள், உள்ளங்கை, பாதம் இவைகளில் அதிகமாக வரும். வழிவழியாகக் குடும்பத்தில் வருவதும் உண்டு. இது ஒட்டாது, அழுக்காக இருப்பதாலும் வருவதில்லை. வியர்வைக்குத் தனியாக நாற்றமே கிடையாது. தோலில் இருக்கும் கிருமிகள் அதில் வேலை செய்வதால்தான் வாடை வருது.

எப்போது கவனமாக இருக்கணும்?

டாக்டர் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "தூங்கும்போது வியர்க்குதா?" என்பது. எனக்கு இல்லை. சின்ன வயசிலேயே தொடங்கி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்து, தூக்கத்தில் நின்றுவிட்டால் பெரும்பாலும் பயமில்லை.

ஆனா நடு வயசில் திடீரென்று உடம்பு முழுக்க வியர்த்தால் விட்டுடாதீங்க. தைராய்டு, மாதவிலக்கு நிற்கும் காலம், சாப்பிடுகிற மாத்திரை என்று காரணம் பல இருக்கு. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்குக் கை நடுங்கி, பசித்து வியர்த்தால், சர்க்கரை இறங்கியிருக்கலாம். உடனே இனிப்பு சாப்பிடணும். ராத்திரி துணி நனைய வியர்த்து, இருமல், காய்ச்சல், எடை குறைவு இருந்தால் காசநோய்ப் பரிசோதனை அவசியம். அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நெஞ்சு வலியோடு வியர்த்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காம 108-க்குப் போன் போடுங்க.

என்ன மருத்துவம்?

சென்ட், பவுடர், டியோடரன்ட் எல்லாம் வாடையை மறைக்கும், அவ்வளவுதான். வியர்வையைக் குறைப்பது ஆன்டிபெர்ஸ்பிரன்ட் என்கிற வகை. எனக்கு அலுமினியம் குளோரைடு கலந்த மருந்தை எழுதிக் கொடுத்தாங்க. இது வியர்வை வரும் துவாரத்தைத் தற்காலிகமாக அடைக்கும். போடும் முறை முக்கியம். ராத்திரி படுக்கப் போகும்போது, அக்குள் நன்றாகக் காய்ந்த பிறகு போடணும். காலையில் கழுவிடணும். முடி எடுத்த அன்னைக்கும், புண் இருந்தாலும் போடக்கூடாது. முதலில் தினமும், குறைந்த பிறகு வாரம் ஒன்றிரண்டு தடவை போதும். எரிச்சல் வந்தால் இரண்டு நாள் நிறுத்தி டாக்டரிடம் சொல்லணும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் போடக்கூடாது. இதனால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று ஒரு பேச்சு உண்டு. அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

இதில் கேட்காதவர்களுக்கு மாத்திரை உண்டு. வாய் வறட்சி, மலச்சிக்கல் வரலாம். முக்கியமா, வியர்வை குறைவதால் வெயிலில் உடம்பு சூடு தணியாது. களை எடுக்கிறவங்களும் ஊரக வேலைத் திட்டத்துக்குப் போறவங்களும் "நான் வெயிலில் வேலை செய்றேன்" என்று டாக்டரிடம் சொல்லாமல் இந்த மாத்திரையைத் தொடக்கூடாது. ஊசி மருத்துவமும் இருக்கு. பல மாதம் பலன் தரும். ஆனா பல ஆயிரம் ரூபாய் ஆகும், திரும்பத் திரும்பப் போடணும். நரம்பை வெட்டும் ஆபரேஷனுக்குப் பிறகு முதுகு, வயிறு என்று வேறு இடத்தில் வியர்வை கூடுவது உண்டு. அதனால் அதைக் கடைசியாகத்தான் யோசிக்கணும்.

நாமே செய்யக்கூடியவை

- பருத்தி ஜாக்கெட் போடுங்க, கொஞ்சம் தளர்வாகத் தைங்க. அக்குள் பக்கம் உள்ளே பழைய பருத்தித் துணியை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்தால் ஈரம் வெளியே தெரியாது.
- குளித்ததும் அக்குளைத் துடைத்துக் காய விடுங்க.
- எலுமிச்சை, சோடா உப்பு தேய்க்காதீங்க, தோல் வெந்துபோகும்.
- படை, அரிப்பு வந்தால் மருந்துக்கடையில் கேட்டு எந்தக் களிம்பையும் வாங்கிப் போடாதீங்க. ஸ்டீராய்டு கலந்த களிம்பு படையைப் பரப்பிவிடும்.
- வியர்க்குதே என்று தண்ணீரைக் குறைக்காதீங்க. மோர், நீராகாரம் தாராளமாகக் குடிங்க.

குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள்

எனக்கு வியர்வை முழுசா நிற்கலை. பாதிக்கு மேல் குறைஞ்சிருக்கு. அதுவே போதும். மூணு வருஷமா எங்க குழு நோட்டை நான்தான் எழுதுறேன்.

உங்க குழுவில் ஒருத்தி எப்பவும் சுவரோரம் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தா, அவளைத் தலைக்கனம் என்று சொல்லாதீங்க. வாடை வருது என்று முகத்தைச் சுளிக்காதீங்க. கூட்டம் முடிஞ்சதும் தனியாகக் கூப்பிட்டு, "என்னம்மா விஷயம்?" என்று கேளுங்க. தேவைப்பட்டால் துணைக்கு ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போங்க. எனக்கு யாராவது அப்படிக் கேட்டிருந்தா, ஆறு வருஷக் கணக்கெழுதுற கூலி நம்ம சேமிப்பிலேயே இருந்திருக்கும்.