ஒரே நுளம்பு என்று நினைத்திருந்தோம்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



தொண்ணூறுகளின் பிற்பகுதியில் துணுக்காயில் படித்த எங்களுக்குக் காய்ச்சல் என்றால் மலேரியாதான். இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளும் நாங்களுமாக வகுப்பு நிரம்பி வழியும். ஆனாலும் வாங்கில் எங்காவது ஓர் இடம் வெறுமையாக இருக்கும்; ஒருத்தி நடுக்கம் பிடித்து வீட்டில் படுத்திருப்பாள். விரலில் குத்தி இரத்தம் பார்த்து, குளோரோகுயின் குளிசை தருவார்கள். அந்தக் கைப்பை இங்கிருக்கும் பலர் மறந்திருக்கமாட்டீர்கள்.

ஆறுகள் வற்றும்போது மிஞ்சும் குட்டைகளில் பெருகும் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்ற நுளம்பே இதற்குக் காரணம் என்று எங்களில் வைத்தியத்துக்குப் போனவர்கள் பிறகு படித்தோம். பாலியாற்றங்கரைப் பிள்ளைகளுக்கு அந்தக் குட்டைகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 1934-35இல் மழை பொய்த்து ஆறுகள் இப்படிக் குட்டைகளானபோது இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள்.

ஆனால் இந்த நுளம்பு ஒரே இனம் அல்ல. 1980இல் கிறீன், மைல்ஸ் என்ற இருவர் இந்திய நுளம்புகளின் நிறமூர்த்தங்களைப் பார்த்தார்கள். வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒன்று. உள்ளே இரண்டு அமைப்புகள். அவை தமக்குள் கூடுமானால் இரண்டும் கலந்த சந்ததி தாராளமாகக் கிடைக்கவேண்டும். கிடைக்கவில்லை. ஒரே ஊரில் இருந்தும் பரம்பரையலகுகள் கலக்கவில்லை என்றால் அவை வேறு வேறு இனங்கள். ஏ, பி என்று பெயரிட்டார்கள். பிறகு சி, டி என்று வரிசை நீண்டது.

தோற்றத்தை வைத்து இனம் பிரிக்கத்தான் நாங்கள் பள்ளியில் பழகினோம். கடலோ மலையோ ஒரு குடித்தொகையை இரண்டாகப் பிரித்தால், இரு பக்கமும் மாற்றங்கள் தனித்தனியே சேரும். நெடுங்காலத்தின் பின் சந்தித்தாலும் சேரமாட்டா, அல்லது சேர்ந்தாலும் சந்ததி தழைக்காது. இதற்குச் சிறகின் நிறம் மாறவேண்டிய அவசியமில்லை.

இலங்கையில் கண்டதெல்லாம் பி இனம் என்றே கருதினார்கள். இந்தியாவில் பி பெரும்பாலும் மாட்டு இரத்தம் குடிப்பது, மலேரியாவைப் பரப்புவதில் மந்தமானது. அப்படியானால் எங்களை நடுங்கவைத்தது எது? 1999இல் இராமேசுவரத்தில் ஐந்தாவதான ஈ இனம் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுரேந்திரனும் குழுவினரும் அது இலங்கையிலும் இருப்பதைக் காட்டினார்கள். அடையாளம் ஆண் நுளம்பின் வை நிறமூர்த்தத்தின் வடிவம் மட்டுமே. இங்கே மலேரியாவைப் பரப்பியதில் முதன்மையானது ஈ. கடலுக்கு அந்தப் பக்கம் இராமேசுவரம், இந்தப் பக்கம் நாங்கள். எங்கள் நுளம்புக்கும் அங்கே உறவு இருந்திருக்கிறது!

2012இன் பின் உள்நாட்டிலேயே நிலைத்துப் பரவும் மலேரியா இல்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. போனது ஒட்டுண்ணி, நுளம்பு அல்ல. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதியது ஒன்று அகப்பட்டது. அது கிணறுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் பெருகும்.

ஆகவே வெளியூர்ச் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய்வந்தபின் காய்ச்சல் கண்டால், வைத்தியர் கேட்காமலே பயணத்தைச் சொல்லுங்கள். இங்குள்ள இளம் வைத்தியர்களில் பலர் மலேரியா நோயாளி ஒருவரையும் கண்டதில்லை. அவர்களுக்கு முதலில் டெங்குதான் நினைவுக்கு வரும்.