பல வியாதியும் கணினி வைத்தியமும்
(இரும்பையில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், ஒரே ஆளுக்கு நாலைந்து தீராத வியாதிகள் சேர்ந்து வந்துவிட்டால், வைத்தியம் செய்கிற டாக்டருக்கு உதவியாகக் கணினியில் ஏற்படுத்தியிருக்கும் சாப்ட்வேரைப் பற்றியதாகும். “சுயமரியாதைக்காரர்களுக்கு இதில் என்ன வேலை?” என்று சிலர் கேட்கலாம். வியாதி வந்தவனிடம் போய், “இது உன் தலையெழுத்து, முன் ஜென்மத்து வினை” என்று சொல்லுகிற ஆட்கள் நாட்டில் இருக்கிற வரையில், வியாதியைப் பற்றிப் பேசுவதும் நமது வேலைதான்.

இவ்வூர் மாகாளேஸ்வரர் கோயில் கதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கடுவெளிச் சித்தர் கோபித்தாராம், லிங்கம் வெடித்ததாம், இந்தச் சீமையே வறண்டு போயிற்றாம். மரத்தை வெட்டினதாலும், மழைத் தண்ணீர் செம்மண்ணை அறுத்துக்கொண்டு ஓடினதாலும் பூமி கெட்டது. 1968-ல் ஆரோவில் ஏற்பட்ட பிறகு கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கி, மரம் வைத்தார்கள், பச்சை பிடித்தது. உடனே, “அன்னியர் வந்து சாபம் தீரும் என்று முன்னமே சொல்லியிருக்கிறது” என்று கதைக்கு ஒரு வால் ஒட்டிவிட்டார்கள்! மண்வெட்டி பிடித்தவனுக்குக் கூலி, சித்தருக்குப் பெருமை. அது கிடக்கட்டும்.

எழுபது வயதுக் கிழவி ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, முழங்கால் வலி, கொஞ்சம் சிறுநீரகக் கோளாறு. கொதிப்புக்கு ஒரு டாக்டர் எனலாப்ரில் கொடுக்கிறார். கால் வீங்குகிறது என்று நீர் பிரிகிற மாத்திரை ஒருவர் சேர்க்கிறார். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோபினாக் வாங்கிப் போட்டுக்கொள்ளுகிறாள். தனித்தனியே பார்த்தால் மூன்றும் வழக்கத்திலுள்ள மருந்துகளே. மூன்றும் ஒன்றாக வயிற்றுக்குள் போனால் சிறுநீரகம் கெடுகிறது. வலி மாத்திரை கொதிப்பையும் ஏற்றிவிடுகிறது. சிறுநீரகம் மிகவும் கெட்ட பிறகும் மெட்பார்மினைப் பழைய அளவிலேயே விழுங்கினால் அது வேறு ஆபத்து. கிளிபென்கிளமைடு என்றால் சர்க்கரை திடீரென்று இறங்கி, காலையில் கிழவி எழுந்திருக்காமலே போகலாம். “விதி முடிந்தது” என்று ஒப்பாரி வைப்பார்கள். முடிந்தது விதியல்ல, தோழர்களே! நாலு சீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஆளில்லாமற்போயிற்று.

இதில் டாக்டர்களை மாத்திரம் குற்றஞ்சொல்லிப் பயனில்லை. அவர்கள் படிக்கிற வைத்திய விதிகளே பெரும்பாலும் ஒரு வியாதிக்கு ஒன்றாக எழுதப்பட்டவை. 2005-ல் அமெரிக்க மருத்துவ சங்கத்துப் பத்திரிகையில் சிலர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஐந்து வியாதியுள்ள 79 வயதுக் கிழவி ஒருத்தியைக் கற்பனை செய்து, ஒவ்வொரு வியாதிக்கும் உள்ள விதிப்படி மருந்து எழுதிப் பார்த்தார்கள். 12 மருந்து ஆயிற்று. அதிலும் ஒன்றுக்கொன்று ஆகாதவை இருந்தன. அமெரிக்கக் கிழவிக்கே இந்தக் கதி. நமது கிழவியோ ஒரு நாள் ஜிப்மருக்குப் போகிறாள், ஒரு நாள் முண்டியம்பாக்கத்துக்குப் போகிறாள். ஒன்று மத்திய சர்க்காருடையது. மற்றொன்று தமிழ்நாட்டு சர்க்காருடையது. இடையில் மருந்துக்கடைக்காரர் கொடுத்த மாத்திரை எந்த சர்க்கார் கணக்கிலும் இல்லை.

இந்த இடத்தில்தான் சாப்ட்வேருக்கு வேலை வருகிறது. அதில் மந்திரம் ஒன்றுமில்லை. வயது, எடை, கொதிப்பு, சர்க்கரை, சிறுநீரகப் பரிசோதனை, உட்கொள்ளும் மருந்துகள் இவைகளை உள்ளே எழுதினால், “இன்னது இருந்து இன்னதும் இருந்தால் இதைக் கொடுக்காதே” என்று முன்கூட்டி எழுதிவைத்த விதிகளோடு ஒத்துப் பார்த்து எச்சரிக்கிறது. மறதியில்லாத கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் சும்மா சும்மா மணி அடித்தால் டாக்டர் காதை மூடிக்கொள்ளுவார் என்பதும் கண்ட உண்மைதான்.

நமது நாட்டிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். எம்வெல்கேர் என்று பெயர். அரியானாவிலும் கர்நாடகத்திலும் 40 சமுதாய சுகாதார நிலையங்களில், கொதிப்போ சர்க்கரையோ உள்ள 3,698 பேரை வைத்துப் பார்த்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். நர்சு கையில் ஒரு டேப்லெட். அதில் கொதிப்பு, சர்க்கரை மட்டுமல்லாமல் மனச்சோர்வு, குடி, புகையிலை எல்லாம் பதிந்து, டாக்டருக்கு ஆலோசனை சொல்லும். பாதி நிலையங்களில் இயந்திரம் உண்டு. மற்றப் பாதியில் இயந்திரமில்லாமல் பயிற்சியும் நல்ல ஏற்பாடும் மாத்திரம். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், கொதிப்பிலும் சர்க்கரையிலும் இரு பக்கத்திற்கும் சொல்லத்தக்க வித்தியாசமில்லை! செய்தவர்கள் இதை மறைக்கவில்லை, அப்படியே அச்சிட்டார்கள். இந்த ஒரு யோக்கியதைக்காகவே விஞ்ஞானத்தை நாம் மதிக்கிறோம். பரிகாரம் பண்ணிப் பலிக்கவில்லை என்று எந்த ஜோசியனாவது அச்சிட்டதுண்டா?

நாம் இதில் காண்பது என்னவென்றால், நர்சும் மருந்தும் டாக்டரும் ஒழுங்காகக் கிடைத்தாலே பாதி வியாதி அடங்குகிறது. இயந்திரம் அவைகளுக்குப் பதிலாகாது.

அடுத்த சங்கதி நமக்கு மிகவும் முக்கியமானது. அமெரிக்காவில் பல வியாதியுள்ளவர்களில் யாருக்கு அதிகக் கவனிப்பு வேண்டும் என்று பொறுக்கியெடுக்க ஒரு சாப்ட்வேர் வைத்திருந்தார்கள். அதற்கு ஜாதி நிறம் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் 2019-ல் சயன்ஸ் என்னும் பத்திரிகையில் வந்த ஆராய்ச்சி, அது கறுப்பு மக்களைத் தள்ளிவைத்தது என்று காட்டிற்று. எப்படி? வியாதி எவ்வளவு என்று பார்ப்பதற்குப் பதிலாக, வைத்தியத்துக்கு எவ்வளவு பணம் செலவாகும் என்று அது கணக்கிட்டது. கறுப்பருக்கு அதே வியாதி இருந்தும் வைத்தியம் குறைவாகக் கிடைத்ததால் செலவும் குறைவு. செலவு குறைவென்றால் வியாதி குறைவு என்று இயந்திரம் முடிவு கட்டிவிட்டது! இதைத் திருத்தினால் அதிகக் கவனிப்புப் பெறும் கறுப்பர் 100-க்கு 17.7-லிருந்து 46.5 ஆவார்கள் என்று கணக்கிட்டார்கள்.

நம் ஊருக்கு இதை வைத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்கே போகாமல் கஷாயத்தோடு காலந்தள்ளின கூலிக்காரியின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? போன காலத்துப் பதிவேட்டைப் படித்துப் பாடங்கற்கும் இயந்திரம், போன காலத்து உயர்வு தாழ்வையும் சேர்த்தே கற்கும். மநுவுக்குக் குடுமி இருந்தது, கண்டுபிடித்தோம். இதற்குக் குடுமி இல்லாததால் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆகவே, “கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது” என்று யாராவது சொன்னால், “எந்த விதிப்படி, யாரைப் பார்த்து எழுதின விதி?” என்று கேட்கவேண்டும். விதியைக் காட்டமாட்டேன், அது கம்பெனி ரகசியம் என்றால், ஓலைச்சுவடியைப் பூட்டிவைத்துக்கொண்டவனுக்கும் அவனுக்கும் என்ன பேதம்?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஆரம்பிக்கப்பட்டது. 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் பெற்றது. பெண் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே வந்து கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரை கொடுத்து, கைப்பேசியில் பதிகிறார்கள். இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். தாய்மார்களே, அந்தப் பெண் வரும்போது சர்க்கார் மாத்திரையை மட்டும் காட்டாதீர்கள். கடையில் வாங்கின வலி மாத்திரை, தனியார் டாக்டர் கொடுத்தது, நாட்டு லேகியம், எல்லாவற்றையும் பையோடு கொட்டிக் காட்டுங்கள். நீங்கள் மறைத்த மாத்திரையை எந்த சாப்ட்வேரும் பார்க்கப் போவதில்லை. அதோடு, உங்கள் விவரத்தை ஒரு நோட்டில் எழுதி உங்களிடமும் கொடுக்கும்படி கேளுங்கள், உடம்பு உங்களுடையது.

ஒரு தோழர் சீட்டெழுதி அனுப்பியிருக்கிறார்: “இயந்திரம் தப்பாகச் சொல்லி ஆள் செத்தால் யார் ஜவாப்தாரி?” நல்ல கேள்வி. சீட்டில் கையெழுத்துப் போடுகிற டாக்டர் ஜவாப்தாரி. தப்பு விதியை எழுதி விற்றவன் ஜவாப்தாரி. சோதிக்காமல் வாங்கி வைத்த அதிகாரியும் ஜவாப்தாரி. மூவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். அப்பொழுது எந்தச் சீட்டை யார் எந்தத் தேதியில் எழுதினார் என்பதற்கு உங்கள் கையிலுள்ள அந்த நோட்டுத்தான் சாட்சி.