முடிவெடுப்பது யார்? அமெரிக்கத் திரைநாடகங்களில் நிறமும் நீதியும்



தலித் இலக்கிய மேடையில் அமெரிக்காவின் பழைய படங்களைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1946இல் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் பிரதியைக் கேட்டவர். 1972இல் பம்பாயில் உருவான தலித் பேந்தர்கள் அமைப்பு தன் பெயரையே அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. அவர்களுடைய போராட்ட வரலாற்றை நாம் ஓரளவு படித்திருக்கிறோம். அதே ஆண்டுகளில் ஹாலிவுட் அந்த மக்களை எப்படிக் கதையாக்கியது என்பதையும் படித்தாக வேண்டும்.

இனவெறியை வெளிப்படையாகப் போற்றிய படங்களை இன்று எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றை அடையாளம் காண யாருடைய உதவியும் நமக்குத் தேவையில்லை. நல்ல எண்ணத்தோடு எடுக்கப்பட்ட, இன்றும் பாடமாக வைக்கப்படுகிற படங்களை மட்டும் பார்ப்போம். அவை ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்போம்: இந்தக் கதையில் முடிவெடுப்பது யார்?

முதலில் அன்றைய ஹாலிவுட்டின் நிலைமை. 1934 முதல் கண்டிப்பாக அமலான தயாரிப்பு விதித்தொகுப்பு, வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான உறவைத் திரையில் காட்டத் தடை விதித்தது. 1956இல்தான் அந்தத் தடை நீங்கியது. 'கான் வித் தி விண்ட்' படத்தில் வேலைக்காரியாக நடித்த ஹாட்டி மெக்டேனியல் 1940இல் ஆஸ்கர் வென்றார். அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர். அந்த விழாவிலேயே அவரைத் தனி மேசையில்தான் உட்காரவைத்தார்கள். நாம் இன்று பேசப்போகும் படங்களை இயக்கியவர்கள் அனைவரும் வெள்ளையர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

1957இல் சிட்னி லூமெட் இயக்கிய '12 ஆங்ரி மென்' படத்தை எடுத்துக்கொள்வோம். தந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட சேரிப் பையன் ஒருவன். அவனுக்கு மரண தண்டனையா விடுதலையா என்பதை 12 நடுவர்கள் ஓர் அறைக்குள் உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள். முதல் வாக்கெடுப்பில் 11 பேர் குற்றவாளி என்கிறார்கள். ஹென்றி ஃபோண்டா நடித்த 8ஆம் நடுவர் மட்டும் பேசிப் பார்ப்போம் என்கிறார். ஒவ்வொருவராக மாறுகிறார்கள். பொதுப்புத்திக்குள் ஒளிந்திருக்கும் வெறுப்பை இவ்வளவு துல்லியமாகப் பிரித்துக் காட்டிய படங்கள் குறைவு. சேரிக்காரர்களே அப்படித்தான் என்று 10ஆம் நடுவர் கத்தத் தொடங்கும்போது மற்றவர்கள் எழுந்து அவருக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் நமக்கு ஒரு நிம்மதி கிடைக்கத்தான் செய்கிறது.

ஆனால் அந்தப் பையன் எங்கே? தொடக்கத்தில் சில நொடிகள் அவன் முகம் தெரிகிறது. பிறகு இல்லை. அவன் எந்த இனம் என்றுகூடப் படம் சொல்வதில்லை. அறையில் இருக்கும் 12 பேரும் வெள்ளை ஆண்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மடக்குக் கத்தியை உண்மையில் எப்படிப் பிடித்துக் குத்துவார்கள் என்பதை அறையில் ஒருவர் செய்து காட்டுகிறார். அவர் சேரியில் வளர்ந்த 5ஆம் நடுவர். படித்த கட்டடக் கலைஞரான 8ஆம் நடுவருக்கு அது தெரியாது. சேரி வாழ்வின் அனுபவம் அங்கே சாட்சியமாகிறது. அவர் அந்த அறையில் இல்லாதிருந்தால் அந்த உண்மை வெளியே வந்திருக்காது. படம் இதைப் பெரிதுபடுத்தாமல் கடந்துபோகிறது. நாம் கடந்துபோக வேண்டியதில்லை. பிரதிநிதித்துவம் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய விளக்கத்தை நாம் தேடிப்பிடிக்க முடியாது.

இந்தப் படத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் மிசிசிப்பி மாநிலத்தின் சம்னர் என்ற சிற்றூரில் இன்னொரு 12 பேர் ஓர் அறைக்குள் போனார்கள். 14 வயது எம்மெட் டில் என்ற கறுப்பினச் சிறுவனைக் கொன்ற இரண்டு வெள்ளையர்கள் மீதான வழக்கு அது. நடுவர்கள் 12 பேரும் வெள்ளை ஆண்கள். வாக்காளர் பட்டியலிலிருந்து நடுவர்களை எடுத்தார்கள். கறுப்பின மக்களையோ அந்தப் பட்டியலுக்குள்ளேயே விடவில்லை. ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பேசிவிட்டு, குற்றவாளிகள் அல்ல என்று தீர்ப்புச் சொன்னார்கள். சில மாதங்களில் அந்த இருவரும் பணம் பெற்றுக்கொண்டு, தாங்கள்தான் கொன்றோம் என்று ஒரு பத்திரிகைக்குச் சொன்னார்கள். சம்னரில் ஒரு ஹென்றி ஃபோண்டா இல்லாமல் போனதுதான் குறை என்று நினைத்தால் நாம் படத்தை மட்டும் பார்த்தவர்கள் ஆவோம். அங்கே இல்லாமல் போனது கறுப்பின மக்களின் வாக்குரிமை.

அந்த வழக்கில் டில்லின் பெரிய மாமா மோஸ் ரைட் சாட்சிக் கூண்டில் எழுந்து நின்று, குற்றவாளிகளைக் கை நீட்டி அடையாளம் காட்டினார். அந்த மாநிலத்தில் அப்படிச் செய்தால் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. அவர் எழுந்து நின்றதை மனத்தில் வைத்துக்கொண்டு 1962இல் வந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' படத்தைப் பாருங்கள். செய்யாத குற்றத்துக்காக டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளிக்கு எதிராகத் தீர்ப்பு வந்துவிட்டது. கீழே வெள்ளையர்கள் கலைந்துவிட்டார்கள். மேல்மாடத்தில் ஒதுக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள் கலையாமல் எழுந்து நிற்கிறார்கள். தங்களுக்காக வாதாடிய வெள்ளை வழக்கறிஞர் ஆட்டிகஸ் ஃபின்ச்சுக்கு மரியாதையாக. பார்ப்பவர் கண்கள் நனையும் காட்சி அது. ஃபின்ச்சாக நடித்த கிரிகரி பெக்குக்கு ஆஸ்கர் கிடைத்தது. டாம் சுட்டுக் கொல்லப்படுவதோ திரையில் வருவதில்லை. செய்தியாக மட்டும் வந்து சேர்கிறது. வரலாற்றில் ஒரு கறுப்பினப் பெரியவர் எழுந்து நின்றது சாட்சி சொல்வதற்கு. திரையில் ஒரு கூட்டமே எழுந்து நிற்பது நன்றி சொல்வதற்கு.

ஆனால் இதே படம் தன்னை அறியாமல் நமக்கு ஒரு பெரிய பாடத்தைத் தருகிறது. அந்த வெள்ளைப் பெண்ணுக்கு ஏன் உதவி செய்தாய் என்று அரசு வழக்கறிஞர் கேட்கிறார். பாவமாக இருந்தது என்கிறார் டாம். நீதிமன்றம் உறைந்துபோகிறது. ஒரு கறுப்பன் வெள்ளைப் பெண்ணைப் பார்த்து இரக்கப்படுவதா? டாமின் முடிவு அந்த நொடியிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. இரக்கம் என்பது எல்லா மனிதருக்கும் பொதுவான உணர்வு என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். படிநிலைச் சமூகத்தில் அதற்கு ஒரு திசை இருக்கிறது. மேலிருந்து கீழே வரலாம், கீழிருந்து மேலே போகக் கூடாது. டாமுக்காக நம்மை இரங்கவைக்கும் படமும் அந்தத் திசையைத்தான் பின்பற்றுகிறது.

கறுப்பின நாயகனுக்கே முடிவெடுக்கும் வாய்ப்பைத் தந்த படம் ஒன்று உண்டு. ஸ்டான்லி கிராமரின் 'தி டிஃபையன்ட் ஒன்ஸ்', 1958. ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்டுத் தப்பி ஓடும் இரண்டு கைதிகள். ஒருவர் சிட்னி போய்ட்டியர், மற்றவர் டோனி கர்ட்டிஸ். கடைசியில் சங்கிலி அறுந்துவிட்டது, போய்ட்டியர் ஓடும் ரயிலில் ஏறிவிட்டார். காயம்பட்ட வெள்ளை நண்பனால் ஏற முடியவில்லை. நண்பனின் கையை விடாமல் அவர் ரயிலை விட்டுவிடுகிறார். எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் இந்தப் படத்தை இரண்டு இடங்களில் பார்த்ததைப் பதிவு செய்திருக்கிறார். வெள்ளைத் தாராளவாதிகள் நிறைந்த அரங்கில் அந்தக் காட்சிக்கு மகிழ்ச்சி. ஹார்லெமின் அரங்கில் கோபம். மறுபடியும் ரயிலில் ஏறச் சொல்லி மக்கள் திரையைப் பார்த்துக் கத்தினார்களாம். தங்கள் ஆள் கையில் முடிவு வந்த அபூர்வமான தருணத்திலும் அது அடுத்தவர் மன்னிப்புக்காகச் செலவழிக்கப்பட்டதை ஹார்லெம் மக்கள் உடனே புரிந்துகொண்டார்கள். அவர்களுக்கு எந்தத் திறனாய்வுக் கோட்பாடும் தேவைப்படவில்லை.

அடுத்தது டக்ளஸ் சர்க்கின் 'இமிடேஷன் ஆஃப் லைஃப்', 1959. நடிகையாக உயரும் வெள்ளைப் பெண் லோரா. அவர் வீட்டில் வேலை செய்யும் கறுப்பினப் பெண் ஆனி. ஆனியின் மகள் சாரா ஜேன் வெளிர் நிறம் கொண்டவள்; வெள்ளைக்காரி என்று சொல்லிக்கொண்டு வாழப் போய்விடுகிறாள். அவளை நன்றிகெட்டவள் என்று தீர்ப்புச் சொல்ல நாம் அவசரப்பட வேண்டாம். கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அம்பேத்கரே பரோடாவில் தங்க இடமின்றி, பார்சிப் பெயர் சொல்லி ஒரு விடுதியில் தங்கினார். கண்டுபிடித்தவர்கள் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். அடையாளத்தை மறைக்கவைக்கும் சமூகம் கேள்வி கேட்கப்படாமல், மறைத்தவர் மட்டும் கூண்டில் ஏற்றப்படுவது பழைய தந்திரம். மகளைத் தேடிப் போகும் ஆனி, அவளுடைய தோழியின் முன்னால் தன்னை அவளுடைய பழைய ஆயா என்று சொல்லிக்கொள்கிறார். பெற்ற தாயே வேலைக்காரியாக வேடம் போட வேண்டியிருக்கிறது.

இந்தப் படத்தில் ஆனி முழுமையாகத் தானே தீர்மானிக்கும் ஒரே காரியம் தன் இறுதி ஊர்வலம். நான்கு வெள்ளைக் குதிரைகள், தேவாலயம் நிறைந்த கூட்டம், மஹாலியா ஜாக்சனின் குரல். அவருக்கு இத்தனை மனிதர்கள் உண்டு என்பதே, கூடவே வாழ்ந்த லோராவுக்குப் பல ஆண்டுகள் தெரியாது. அவர் கேட்டதே இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் நிஜமான ஒரு தாய், எம்மெட் டில்லின் தாய் மேமி டில், மகனின் சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னார். சிதைந்த அந்த முகத்தைச் சிகாகோவில் பல்லாயிரம் பேர் பார்த்தார்கள், பத்திரிகைகளில் நாடு பார்த்தது. ஆனியின் ஊர்வலம் பார்வையாளரை அழவைத்தது. மேமி டில்லின் முடிவு ஒரு தலைமுறையைப் போராட்டத்துக்குக் கொண்டுவந்தது.

இனி, கறுப்பினப் பெண்ணே எழுதிய கதை. லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் தி சன்' 1959இல் பிராட்வேயில் அரங்கேறியது. அங்கே அரங்கேறிய கறுப்பினப் பெண் எழுதிய முதல் நாடகம் அது. 1961இல் அவருடைய திரைக்கதையிலேயே படமானது. இறந்த தந்தையின் காப்பீட்டுத் தொகை 10,000 டாலர். அதில் ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்துத் தாய் லீனா, வெள்ளையர் பகுதியில் ஒரு வீடு வாங்குகிறார். லிண்ட்னர் என்பவர் அந்தப் பகுதிக் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் வருகிறார். அவர் திட்டுவதில்லை, குரலை உயர்த்துவதில்லை. நீங்கள் வராமலிருக்கக் கூடுதல் விலை தருகிறோம் என்று பணிவாகச் சொல்கிறார். அந்த வேடத்தில் நடித்த ஜான் ஃபீட்லர், '12 ஆங்ரி மென்' அறையில் இருந்த சாதுவான 2ஆம் நடுவரேதான்! அதே முகம், அதே மென்மை.

மீதிப் பணத்தில் தொழில் தொடங்கப் போய் ஏமாந்த மகன் வால்டர், லிண்ட்னரின் பணத்தை வாங்கிக்கொள்ளத் துணிகிறான். தாய் தடுக்கவில்லை. உன் மகன் பார்க்க அதைச் செய் என்கிறார். சிறுவனை முன்னால் நிறுத்திக்கொண்டு வால்டரால் முடியவில்லை. நாங்கள் குடிவருகிறோம் என்று சொல்லிவிடுகிறான். நடிப்பவர் போய்ட்டியர்தான். ஆனால் இந்த முறை முடிவு அவர்கள் வீட்டுக் கூடத்தில், அவர்களுக்குள் சண்டை போட்டு, அவர்களே எடுத்தது. எந்த வெள்ளை மனசாட்சியும் அங்கே வேலை செய்யவில்லை.

இது கற்பனையில் மட்டும் நடந்ததல்ல. ஹான்ஸ்பெரியின் தந்தை சிகாகோவில் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கியவர். வீட்டைக் கும்பல் தாக்கியது. அவர் நடத்திய வழக்கு 1940இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது. கறுப்பினத்தவருக்கு வீடு விற்பதைத் தடுக்கும் ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் இன்னொரு தீர்ப்பும் வந்தது. அதற்குப் பிறகும் லிண்ட்னர் வருகிறார். சட்டம் மாறினாலும் சங்கம் கலைவதில்லை. வாடகைக்கு வீடு தேடிப் போய், என்ன ஆட்கள் என்ற கேள்வியைச் சந்தித்த நம் மாணவர்களுக்கு லிண்ட்னரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

கடைசியாக 1954இல் வந்த 'சால்ட் ஆஃப் தி எர்த்'. நியூ மெக்சிகோவில் மெக்சிகோ வம்சாவளிச் சுரங்கத் தொழிலாளர்கள் நடத்திய உண்மையான வேலைநிறுத்தத்தின் கதை. கம்யூனிஸ்ட் வேட்டையில் ஹாலிவுட் விலக்கிவைத்த ஹெர்பர்ட் பைபர்மன் இயக்கினார். திரைக்கதையைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் மறுத்த காட்சிகளை நீக்கினார்கள். தொழிற்சங்கத் தலைவர் ஹுவான் சக்கோனே நாயகன். நாயகி ரொசௌரா ரெவுல்டாஸைப் படப்பிடிப்பின்போதே கைதுசெய்து மெக்சிகோவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். மிகச் சில அரங்குகளே படத்தைத் திரையிட்டன.

அதில் ஒரு கூட்டம் நடக்கிறது. தொழிலாளர்கள் மறியல் செய்யக் கூடாது என்று நீதிமன்ற ஆணை. அப்படியானால் நாங்கள் மறியல் செய்கிறோம் என்கிறார்கள் பெண்கள். ஆண்களுக்குச் சம்மதமில்லை. சங்கக் கூட்டத்தில் பெண்களுக்கு வாக்கு கிடையாது. ஆகவே சங்கக் கூட்டத்தை முடித்துவிட்டு, அதையே ஊர்க்கூட்டமாக மாற்றி எல்லோரும் வாக்களிக்கிறார்கள். பெண்கள் வெல்கிறார்கள். வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டும் என்று பெண்கள் சொன்னபோது, பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்த ஆண்களும் ஒடுக்கப்பட்டவர்களே. இதை மறைக்காமல் காட்டியதால்தான் நாம் பார்த்தவற்றில் நமக்கு மிக நெருக்கமான படம் இது. நம் இயக்கங்களின் கூட்டங்களில் பெண்களின் கோரிக்கை எத்தனையாவது இடத்தில் வருகிறது என்பதை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நண்பர்களே, இந்தப் படங்களைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் பாருங்கள். ஆனால் நம்மைப் பற்றி யார் படமெடுத்தாலும், கதை எழுதினாலும், நாமே எழுதினாலும், எத்தனை பேர் அழுதார்கள் என்பதை அளவாக வைத்துக்கொள்ள வேண்டாம். அந்த அறையில் யார் இருந்தார்கள், யாருக்கு வாக்கு இருந்தது, யார் மேல்மாடத்தில் நிறுத்தப்பட்டார்கள் என்று கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள். இந்த நினைவுச் சொற்பொழிவை ஆண்டுதோறும் நடத்துவதன் பயன் அதுதான்.

ஜெய்பீம்.