டிராக்டர் நின்றால் நடவும் நிற்கும்

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)

உழவியல் துறையைச் சேர்ந்த நான் இன்று டிராக்டரைப் பற்றிப் பேசப் போகிறேன். இது பொறியியல் துறையினர் பேச வேண்டிய பொருள் அல்லவா என்று நீங்கள் எண்ணலாம். நல்ல விதை, சமச்சீர் உரம் என்று நாங்கள் எவ்வளவு சொன்னாலும், உழவு உரிய நாளில் முடியவில்லை என்றால் அவ்வளவும் வீணாகிறது. இதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன். அந்த அனுபவத்தை முதலில் சொல்லி விடுகிறேன்.

எங்கள் ஊர் காவிரிப் பாசனத்தின் கடைமடையில் உள்ளது. என் தகப்பனார் வங்கிக் கடனில் ஒரு டிராக்டர் வாங்கினார். பதினான்காவது மாதம், சம்பா நடவுக்குச் சேற்றுழவு நடக்கும்போது, வண்டி இழுவை குறைந்து கரும்புகை தள்ளியது. விற்பனை நிலையத்தின் சர்வீஸ் பிரிவுக்குச் சொல்லியனுப்பினோம். "நாளைக்கு ஆள் வரும்" என்றார்கள். நாளை, நாளை என்று நான்கு நாள் கழிந்தது. பிறகு வண்டியை நகரத்துக்குக் கொண்டுபோய், டீசல் பம்பையே மாற்ற வேண்டும் என்று ஒரு பெருந்தொகையைச் சொன்னார்கள். உத்தரவாதக் காலம் முடியவில்லையே என்று கேட்டோம். கடைசி சர்வீஸைத் தங்களிடம் செய்யவில்லை, புத்தகத்தில் முத்திரை இல்லை, ஆகவே உத்தரவாதம் செல்லாது என்று பதில் வந்தது. உண்மைதான். நடவு அவசரத்தில் அப்பா உள்ளூர் மெக்கானிக்கிடம் எண்ணெய் மாற்றிக்கொண்டார். அதற்கும் ரசீது இல்லை.

வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவரிடம் காட்டினோம். அவர் முதலில் காற்று வடிகட்டியைத் திறந்தார். கோடையில் கதிரடித்த தூசி முழுவதும் அதில் அடைந்து கிடந்தது. அதே வடிகட்டியைப் புதிதாக மாற்றியதாக முந்தைய சர்வீஸ் ரசீதில் பணம் வாங்கியிருந்தார்கள்! புது வடிகட்டி போட்டதும் புகை நின்றது, இழுவை வந்தது. பம்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் 30 நாளில் நட வேண்டிய நாற்று 42 நாளாகி விட்டது. முற்றிய நாற்றில் தூர் கட்டுவது குறையும் என்று வகுப்பில் பாடம் சொல்லும் நான், அந்த ஆண்டு எங்கள் வயலிலேயே அதைக் கண்டேன்.

இதில் தவறு இரு பக்கமும் உண்டு. மாற்றாத பொருளுக்குப் பணம் வாங்கியது அவர்கள் தவறு. வடிகட்டியைத் திறந்து பார்க்காததும், காகிதம் வைத்துக்கொள்ளாததும் எங்கள் தவறு. அவர்களை நாம் திருத்த முடியாமல் போகலாம். நம் பக்கத்தை இன்றே திருத்திக்கொள்ளலாம்.

நாள்தோறும் கவனிக்க வேண்டியவை

1. காற்று: எண்ணெய்த் தொட்டி வகை வடிகட்டியானால், தூசி வேலை நாட்களில் தினமும் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். அடியில் சேறு தங்கியிருந்தால் கழுவிப் புது எண்ணெயைக் குறியளவு ஊற்றுங்கள். காகித வடிகட்டியைத் தண்ணீரிலோ டீசலிலோ கழுவக் கூடாது. மெதுவாகத் தட்டி, உள்ளிருந்து வெளியே காற்றடிக்க வேண்டும். கிழிசல் இருந்தால் மாற்றிவிட வேண்டும்.

2. எண்ணெய்: காலையில் எஞ்சினைக் கிளப்பும் முன், வண்டி சமதரையில் நிற்கும்போது, அளவுக் கோலை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அப்படியே ஓட்டக் கூடாது.

3. தண்ணீர்: ரேடியேட்டர் இடுக்குகளில் வைக்கோல் தூசி அடைந்தால் எஞ்சின் சூடேறும். எஞ்சின் பக்கமிருந்து முன்புறமாகக் காற்றடித்து நீக்குங்கள். உப்புக் கிணற்று நீரை ஊற்றினால் உள்ளே காரை படியும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

4. டீசல்: மாலையில் வேலை முடிந்தவுடன் டாங்கை நிரப்பி வையுங்கள். பாதி காலியாக விட்டால், இரவுக் குளிரில் உள்ளிருக்கும் காற்றின் ஈரம் நீராகி டீசலில் இறங்கும்.

5. சேற்றுழவுக்குப் பின்: வண்டியைக் கழுவி, முன் சக்கரக் குடங்களுக்கும் மற்ற கிரீஸ் முனைகளுக்கும் கிரீஸ் ஏற்றுங்கள். பழைய கிரீஸோடு சேறு வெளியேறும் வரை ஏற்ற வேண்டும்.

புகையின் நிறமும் நோயைச் சொல்லும். விடாமல் வரும் கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் மிகுதி, அல்லது சுமை மிகுதி. நீலப்புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. சூடேறிய பின்னும் வெண்புகை நின்றால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் புகுந்திருக்கிறது. கரும்புகை கண்டால் முதலில் காற்று வடிகட்டியைப் பாருங்கள். பம்பின் மேல் கை வைப்பது கடைசியில்தான்.

எந்த எஞ்சின் நல்லது?

இந்தக் கேள்வி எல்லா முகாமிலும் வருகிறது. ஒரே குதிரைத் திறனில், இரண்டு சிலிண்டர் எஞ்சினில் உறுப்புகள் குறைவு, பழுது பார்ப்பது எளிது. மூன்று சிலிண்டர் எஞ்சின் அதிர்வு குறைந்து சீராக ஓடும். காற்றால் குளிரும் எஞ்சினுக்கு ரேடியேட்டர் தொல்லை இல்லை. ஆனால் அதன் தகடுகளைச் சுத்தமாக வைக்க வேண்டும். சத்தமும் சற்றுக் கூடுதல். சேற்றுழவே முக்கிய வேலையானால், சேற்று நீர் எளிதில் புகாத, எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டி நல்லது. மிகக் கனமான வண்டி சேற்றில் அமிழும்.

ரோட்டவேட்டர் ஓட்டுவோர் எஞ்சினின் குதிரைத் திறனை மட்டும் பார்த்தால் போதாது. பின்புறம் பி.டி.ஓ. தண்டில் கிடைக்கும் திறனைக் கேளுங்கள். அது எப்போதும் குறைவாகவே இருக்கும். மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்னுமிடத்தில் உள்ள மத்திய அரசு நிறுவனம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. இந்தத் திறனும் டீசல் செலவும் அதில் இருக்கும். விற்பனையாளரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இன்னொன்று. 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகை விதி நடைமுறைக்கு வந்தது. இவற்றில் டீசல் செலுத்துவதை மின்னணுக் கருவிகள் கட்டுப்படுத்துகின்றன. புகை குறையும். ஆனால் பழுதறியக் கணினி வேண்டும், உள்ளூர் மெக்கானிக்கால் முடியாத வேலைகள் உண்டு. ஆகவே பெரிய வண்டி வாங்குவோர் எஞ்சினோடு சர்வீஸ் நிலையத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். அதே நிலையத்தில் வண்டி வாங்கிய நான்கு உழவர்களிடம், "நடவு நேரத்தில் கூப்பிட்டால் எத்தனை நாளில் வருகிறார்கள்?" என்று கேளுங்கள். விலையில் கிடைக்கும் தள்ளுபடியைவிட அந்தப் பதில் பெறுமதி உடையது.

சர்வீஸ் பிரிவிடம் நடந்துகொள்ளும் முறை

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். மீட்டர் காட்டும் மணி, தேதி, செய்த வேலை, போட்ட எண்ணெய் ஆகியவற்றை எழுதுங்கள். பொதுவாக முதல் சர்வீஸ் 50 மணியில் வரும். எண்ணெய் மாற்றம் பல வண்டிகளில் 250 மணிக்கு ஒரு முறை. உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் கணக்கே முடிவானது. உத்தரவாதம் இருக்கும் வரை ஒரு சர்வீஸும் தவறாமல் அவர்களிடமே செய்து முத்திரை பெறுங்கள்.

வண்டியை விடும்போது குறையை எழுத்தில் கொடுத்து, வேலைச் சீட்டின் நகலைக் கேளுங்கள். பழைய வடிகட்டியில் ஒரு பெயிண்ட் புள்ளி வைத்து அனுப்புங்கள். கழற்றிய பொருள்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். பெரிய பழுது என்றால் மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி, இன்னொருவரிடம் காட்டாமல் சம்மதம் சொல்லாதீர்கள்.

இவ்வளவுக்கும் அசையாவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். தம் பிழைப்புக்காகத் தாமே வைத்து உழும் உழவரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே. ஆனால் அங்கும் முதலில் கேட்பது காகிதத்தைத்தான்.

என் தகப்பனார் இப்போது டிராக்டர் சாவியோடு ஒரு நோட்டையும் கயிற்றில் கட்டி மாட்டியிருக்கிறார். நோட்டை எழுதாமல் சாவியை எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். போன சம்பாவில் நாற்று உரிய வயதில் வயலுக்குப் போயிற்று. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நோட்டுத் தொங்கட்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.