கதவைத் தட்டுங்க! – சிவகிரி கூட்டத்தில் நம்ம ஐ.டி. விங் தம்பி பேசியது



2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை மனு நாள். நெல்லை கலெக்டர் ஆபீஸில் நடந்ததை மறக்க முடியுமா? நம்ம பக்கத்து காசிதர்மத்துக் குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பிஞ்சுகள். நாலு உயிர் போச்சு. கந்துவட்டி நெருக்கடி, பலமுறை மனு கொடுத்தும் தீரல.

கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்தாச்சு. ஆனா சட்டம் தானா வீடு தேடி வராது. நாமதான் போகணும்.

கடனில் தவிக்கிற வீட்டுல போய் உட்காருங்க. புகார் கொடுக்க கூடவே ஸ்டேஷனுக்குப் போங்க. உயிரைப் பறிகொடுத்த வீட்டுல "ஏன் இப்படி?"ன்னு கேட்காதீங்க; அடுப்பு எரியுதா, பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகுதான்னு பாருங்க.

மனசு உடைஞ்சவங்களுக்கு 104, 14416 நம்பரைக் கொடுங்க. 24 மணி நேரமும் பேசலாம், இலவசம்.

லைக் மட்டும் போதாது. இன்னைக்கே ஒரு கதவைத் தட்டுங்க.