பழைய மரத்தில் புதிய நாதம்

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள் நம் பெரியோர். துரும்புக்கே அப்படியென்றால், வீட்டின் பின்புறம் மழையில் நனைந்து கிடக்கும் பழைய கதவு நிலைக்கும் கட்டில் சட்டத்திற்கும் எவ்வளவு பயன் இருக்க வேண்டும்! அத்தகைய மரத்தில் கித்தாரின் கழுத்தைச் செய்வது பற்றி இன்று பேசுவோம்.

முதலில் நம்முடைய தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் பிஸ்கட் டின்னில் கித்தார் செய்து பள்ளிக்குக் கொண்டு வந்தான். கழுத்துப் பகுதி வில்லாக வளைந்திருந்தது. “முதலில் வகுத்தல் கணக்கைப் படி, இதெல்லாம் உனக்கு எதற்கு?” என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டோம். மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் லயத்து வீட்டுக்குப் போனோம். அந்தக் கித்தார் அடுப்பருகே விறகோடு விறகாகக் கிடந்தது. நம் மனம் சுருக்கென்றது.

அது ஏன் வளைந்தது? தோட்டத்துத் தச்சர் ஒருவர் விளக்கினார். இரும்புத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ அளவுக்குக் கழுத்தை இழுக்கும். ஓர் ஆளின் பாரம் அது! பையன் எடுத்ததோ ஈரம் காயாத ரப்பர் மரப் பலகை. பச்சை மரம் காயும்போது சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். மேலும் ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. மருந்தேற்றி உலர்த்தாவிட்டால் பூச்சியும் பூஞ்சையும் விரைவில் பிடிக்கும். முறைப்படி பதப்படுத்தினால் அதுவே நல்ல மேசை நாற்காலியாகிறது.

பழைய மரமோ பல ஆண்டுகள் காய்ந்து, சுருங்க வேண்டிய அளவு சுருங்கி நிற்பது. அதனால்தான் அது இந்த வேலைக்கு ஏற்றது. எனினும் பார்த்து எடுக்க வேண்டும். மரத்தின் இழை நீளவாக்கில் நேராக ஓட வேண்டும். கணு இருக்கக் கூடாது. ஆணி இருந்தால் அறுக்கும் முன் பிடுங்கிவிட வேண்டும். ஒளிந்திருக்கும் ஆணியைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். பழைய சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே சாயம் பூசிய மரத்தைத் தேய்த்துத் தூசியைச் சுவாசிக்காதீர்கள். வீட்டில் செய்வதற்கு நைலான் தந்தியே நல்லது. அதன் இழுப்பு குறைவு.

இனி, மெட்டுக்கம்பிகளை எங்கே பதிப்பது? இங்கேதான் கணக்கு வருகிறது. தந்தியின் நீளம் 60 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அதை 17.817ஆல் வகுத்தால் 3.37 வரும். மேல்முனையிலிருந்து அத்தனை சென்டிமீட்டரில் முதல் மெட்டு. மீதி 56.63. அதையும் 17.817ஆல் வகுத்தால் 3.18, அதுதான் அடுத்த இடைவெளி. இப்படியே போனால் 12ஆம் மெட்டு சரி பாதியில், 30 சென்டிமீட்டரில் வந்து நிற்கும். நிற்காவிட்டால் கணக்கில் பிழை!

இடித்த வீடொன்றின் மெராந்திக் கதவு நிலையைத் தச்சர் தந்தார். பையனின் தகப்பனார் மாலையில் வேலை முடிந்து வந்து இழைப்புளி பிடித்தார். வகுத்தல் கணக்கைக் கண்டு ஓடியவன், ஒவ்வொரு மெட்டுக்கும் தானே வகுத்து எழுதினான். 12ஆவது கோடு பாதியில் வந்து விழுந்தபோது, “சார், சரியா வந்திருச்சு!” என்று துள்ளினானே, அந்த முகம் நமக்கு இன்னும் மறக்கவில்லை.

தகப்பனும் மகனும் இப்படிச் சேர்ந்து செய்த கித்தார் ஒன்று உலகப் புகழ் பெற்றிருக்கிறது. 1963இல் இங்கிலாந்தில் பிரையன் மே என்ற மாணவர், கடையில் வாங்கப் பணம் இல்லாததால், தம் தந்தை ஹெரால்டுடன் சேர்ந்து கித்தார் செய்யத் தொடங்கினார். கழுத்துக்கு மரம் எது தெரியுமா? நூறாண்டுக்கு மேல் பழமையான கணப்படுப்பின் மகோகனிச் சட்டம்! அதில் பூச்சி அரித்த துளைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். மெட்டுகளிடையே அடையாளப் புள்ளிகளாகத் தாயாரின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்களைப் பதித்தார்கள். பழைய மேசையின் ஓக் மரமும், மோட்டார் சைக்கிளின் சுருள்வில்லும்கூட அதில் இடம்பெற்றன. வேலை முடிய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. ‘குவீன்’ இசைக்குழுவில் அவர் வாசித்தது அந்தக் கித்தாரைத்தான். அவர் படிப்பையும் விடவில்லை; 2007இல் வானியற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றார்.

பெற்றோர்களே! பிள்ளை எதையாவது அறுத்து, ஒட்டி, கோணலாகச் செய்துகொண்டு வந்தால், “எதற்கு இது?” என்று கேட்பதற்கு முன், “எப்படிச் செய்தாய்?” என்று கேளுங்கள். ஆசிரியர்களாகிய நமக்கும் இதுவே பாடம். வளைந்த மரத்தை மாற்றிவிடலாம். பிள்ளையின் மனம் வளைந்துவிட்டால் நிமிர்த்துவது அரிது.