திரை காட்டாத குறி
(இலக்கிய வட்டத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கிய மேடையில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். குறிபார்த்தல் நம் கதைமரபுக்குப் புதியதன்று. மரத்தின்மேல் பறவை உருவம் ஒன்றை வைத்து, 'என்ன காண்கிறாய்?' என்று மாணாக்கரை ஒவ்வொருவராகக் கேட்கிறார் துரோணர். ஒருவன் மரத்தைக் கண்டான்; ஒருவன் கிளையைக் கண்டான்; அருச்சுனன் குறியை மட்டுமே கண்டான். அம்பு பாய்ந்தது அக்கதையில் பெரிதன்று. எய்பவன் எதைக் கண்டான் என்பதே கதை. ஒலிம்பிக் துப்பாக்கிச் சுடும் போட்டிகளைத் தொலைக்காட்சியில் காணும்போதெல்லாம் எனக்கு எழும் குறை இதனைச் சார்ந்ததே. திரை சுடுபவரின் முகத்தைக் காட்டுகிறது. குண்டு துளைத்த இடத்தையும் காட்டுகிறது. இரண்டுக்கும் இடையில் நிகழ்வது அதற்கு அகப்படுவதில்லை.

அந்த இடைவெளியில் நிகழ்வது சிறிதன்று. பத்து மீட்டர் காற்று ரைஃபிள் போட்டியில் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் விட்டமே உடையது. குண்டோ நாலரை மில்லிமீட்டர். பத்தாம் வட்டத்துக்குள்ளேயே நடுவை நெருங்க நெருங்க 10.9 வரை புள்ளி ஏறும். நின்றபடி சுடுபவரின் உடல் ஒருபோதும் முழுதாக அசைவறுவதில்லை. மூச்சு அசைக்கும், நாடி அசைக்கும். அந்த அசைவு ஒடுங்கும் ஒரு கணத்தில் விரல் விசையை விடுவிக்க வேண்டும். அக்கணம் வாய்க்கவில்லை எனில் தேர்ந்தவர் சுடாமலே துப்பாக்கியைத் தாழ்த்திவிடுவார். இந்த விளையாட்டில் நான் மிகவும் மதிப்பது அந்தத் தாழ்த்தலைத்தான். ஆனால் வர்ணனையாளருக்கு அது வெறுந்தாமதம். 'பதற்றம், பதற்றம்' என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஒளிப்பதிவுக் கருவி அடுத்தவர் பக்கம் திரும்பிவிடும்.

தொலைக்காட்சியை முற்றக் குறைகூறுவதும் முறையன்று. குண்டு பட்ட இடம் மின்னணு இலக்கிலிருந்து உடனுக்குடன் திரைக்கு வருவதால்தான் நம்போன்றோர் இப்போட்டியைத் தொடர முடிகிறது. 2008-இல் பெய்ஜிங்கில் கடைசிச் சுடுக்கு முன் அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனும் சமநிலையில் நின்றார்கள். ஹாக்கினன் 9.7, பிந்த்ரா 10.8. தனிநபர் போட்டியில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அந்த எண்கள் திரையில் தோன்றியிராவிடில் அந்த நிமிடத்தின் சுவை நமக்கு எட்டியிராது.

ஆயினும், காட்டுவதற்கு வசதியாகப் போட்டியையே மாற்றியமைத்தது என் மனத்துக்கு ஒவ்வவில்லை. பிந்த்ரா வென்ற நாளில் தகுதிச் சுற்றில் அவர் பெற்ற 596 புள்ளிகளோடு இறுதிச் சுற்றின் 104.5 சேர்ந்து 700.5 ஆயிற்று. 2013 முதல் விதி வேறு. தகுதிச் சுற்றின் அறுபது சுடுகளும் இறுதிக்கு வழிவிடுவதோடு சரி; இறுதியாளர் அனைவரும் சுழியத்திலிருந்து தொடங்குவர்; ஒருவர்பின் ஒருவராக வெளியேற்றப்படுவர். 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் சௌரப் சௌத்ரி 586 புள்ளியுடன் தகுதிச் சுற்றில் முதலிடம் பெற்றார். இறுதியில் ஏழாமவராக வெளியேறினார். விதிப்படி அதில் பிழையில்லை. ஆனால் பொறுமையை அளப்பதற்கென்று எழுந்த விளையாட்டில் நெடும்பொறுமைக்கு மதிப்பில்லாமற்போவது நேரிதோ? விறுவிறுப்பு மிகுந்திருக்கிறது, மறுக்கவில்லை. 2024-இல் பாரிசில் மனு பாக்கர் 0.1 புள்ளியில் வெள்ளிக்கான வாய்ப்பை இழந்து வெண்கலம் பெற்றதைக் கண்டவர்கள் மூச்சடக்கித்தான் இருந்திருப்பார்கள். அதே பாரிசில், கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் தகுதிச் சுற்றில் பத்தாமிடம் பெற்றார். எண்மருக்கே இறுதியில் இடம். இறுதியை மட்டும் காண்பவர்க்கு அவருடைய அறுபது சுடுகளும் இல்லாதவையே.

ஐம்பது மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் அமெரிக்கரான மாத்யூ எம்மன்சுக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் இப்பேச்சு நிறைவுறாது. 2004-இல் ஏதென்சில் கடைசிச் சுடு மட்டுமே மிச்சம். மூன்று புள்ளி முன்னணியில் இருந்தார். சுட்டார். திரையில் எண் ஒன்றும் தோன்றவில்லை. அவர் வியந்து நடுவர்களைப் பார்த்தார். பக்கத்துத் தடத்தின் இலக்கைச் சுட்டிருந்தார். சுழியம், எட்டாமிடம். அவருடைய திகைப்பை உலகமே கண்டது. அவர் கண் எந்த வட்டத்தைக் கண்டது, அதைத் தமதென்று எப்படித் துணிந்தது என்பதை எந்தக் கருவி காட்டியது? துரோணர் கேட்ட கேள்வியை அங்கே கேட்பார் இல்லை. செக் நாட்டுத் தொலைக்காட்சிக்கு அப்போட்டியை வர்ணித்தவர் கேத்தரீனா குர்கோவா. அவரும் துப்பாக்கி வீராங்கனையே. தோற்றவரைத் தேடிச் சென்று ஆறுதல் கூறினார். 2007-இல் இருவரும் மணந்துகொண்டனர்.

2008-இல் பெய்ஜிங்கில் அதே போட்டியில் எம்மன்சு மீண்டும் முன்னணியில் நின்று, மீண்டும் கடைசிச் சுடில் தவறினார். இம்முறை 4.4; நான்காமிடம். தடுப்புக்கு அப்பால் நின்ற கேத்தரீனா அவரைத் தழுவிக்கொண்டதைக் கருவிகள் நெடுநேரம் காட்டின. துப்பாக்கி குறியை நோக்கி இறங்கிவரும்போதே, விரல் விசையைத் தொடும் தருணத்தில், எண்ணியதற்கு முன்னரே வெடித்துவிட்டது என்பதை அவரே பின்னர் செய்தியாளரிடம் சொல்லித்தான் நாம் அறிந்தோம்.